மாம்பழம், சோடா, மேலே ஓர் உருண்டை

அடியில் பழக்கூழ், அதன்மேல் சோடா, சோடாவின்மேல் ஓர் உருண்டை ஐஸ்கிரீம்: ஃப்ளோட் போடுகிற தொழிலில் இந்த மூன்று படிதான், நாலாவதாக வாடிக்கையாளர் வருகிறார், சிரமமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருஷம் வேதியியல் நடத்தினேன். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு, நாத்தனார் செல்வியோடு சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இந்தக் கடையைத் திறந்தேன். செல்வி என்னைவிட ஒன்பது வயது சின்னவள். எவ்வளவு பெரிய குறும்பையும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் செய்துமுடிப்பாள். நாலு கோடை தாண்டியாயிற்று. என்னைப் போல கவுன்ட்டருக்கு உள்பக்கம் நிற்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருந்தால், நீங்கள் மட்டும் இல்லை, நானும் இருக்கிறேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் மிதக்கிறது?

கடை திறந்த முதல் வாரம். தேவனாம்பட்டினத்து ஏழுமலை, மார்க்கெட்டில் மீன் போட்டுவிட்டுத் திரும்புகிற வழியில் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். கிளாஸை அவர் முன்னால் வைத்தேன். குனிந்து பார்த்துவிட்டு, "இது எப்படிம்மா மேலயே நிக்குது?" என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த டீச்சர் எழுந்துவிட்டாள். ஐஸ்கிரீமுக்குள் காற்று இருக்கிறது என்று ஆரம்பித்து, அடர்த்தி, சோடாவின் குமிழிகள் என்று போய், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் வேறு வரைந்து காட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, ஸ்பூனைக்கூடத் தொடாமல், மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் கிளாஸைக் காட்டிச் சொன்னார்: "நீங்க சொன்னதெல்லாம் சரிதான் டீச்சரம்மா. ஆனா நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள படகு முழுகிப் போச்சு."

பழைய மாணவன்

பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு நாள் மத்தியானம் வந்தான். நல்ல பையன், என் பாடத்தில் மட்டும் தேறவே மாட்டான். அன்னாசி ஃப்ளோட் கொடுத்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல், "இதுல நுரை ஏன் பொங்குது, சொல்லு பாப்போம்" என்றேன். வெயிலில் கறுத்துப்போன முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். "மிஸ், இது தெரியாமத்தான் அன்னிக்கே ஃபெயில் ஆனேன், இப்பவாவது நிம்மதியா குடிக்க விடுங்க மிஸ்."

உபகாரம்

மே மாதத்தில் ஒரு நாள் காலையிலேயே கரன்ட் போனது. சோடா பாட்டிலெல்லாம் சூடேற ஆரம்பித்தது. எங்களுக்கு ஐஸ் கொடுக்கிறவரும் அன்றைக்குப் பார்த்துக் கையை விரித்துவிட்டார். எப்படியோ ஏழுமலைக்குச் சேதி போயிருக்கிறது. அதற்குள் அவர் எங்கள் வாடிக்கையாளர் ஆகியிருந்தார். அரை மணி நேரத்தில் ஒரு பெரிய பெட்டி நிறைய உடைத்த ஐஸோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். "பெட்டிய நல்லா கழுவிட்டுத்தாம்மா போட்டேன்" என்றார். மனுஷர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குடிப்பதில் இதைப் போடவே கூடாது, பாட்டிலைச் சுற்றி மட்டும்தான் என்று செல்விக்குக் கண்ணாலேயே சொன்னேன்.

அந்தப் பெட்டியில் எத்தனை வருஷம் கானாங்கெளுத்தி மீன் படுத்திருந்ததோ. எங்கள் மூக்குக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெருவில் இருந்த பூனைகளுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் ஒன்று வந்தது. பதினோரு மணிக்கு ஏழு பூனைகள் கடை வாசலில் வரிசையாக, சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தன. விரட்டினால் நாலடி தள்ளிப்போய் மறுபடி அதே வரிசை. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு அம்மா, வாசலிலேயே நின்று செல்வியைக் கேட்டார்: "அதுங்களுக்குத் தனி லைனா, இல்ல நாங்களும் அதுங்க பின்னாடிதான் நிக்கணுமா?"

முந்திரிப்பழம்

இது செல்வியின் யோசனை. நம்ம பக்கம் கொல்லை கொல்லையாக முந்திரி இருக்கிறது, கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை வீணாக்குகிறார்கள், அதில் ஃப்ளோட் போட்டால் என்ன என்றாள். ஒரு கூடை பழமும் வந்தது. மஞ்சளும் சிவப்புமாகப் பார்க்க அழகு. பிழிந்தால் சாறு கொட்டுகிறது. ஒரே ஒரு தொல்லை, அது தொண்டையைப் பிடிக்கும். உப்புப் போட்டு ஆவியில் வைத்து எடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "சர்க்கரை போட்டா சரியாயிடும் அண்ணி" என்றாள். வேதியியல் படித்த நானும் தலையாட்டினேன்.

முதல் கிளாஸ் ஒரு பாட்டு டீச்சருக்குப் போனது. சாயந்திரம் சிதம்பரத்தில் அவருக்குக் கச்சேரி. ரயிலுக்கு நேரம் இருக்கிறதென்று உட்கார்ந்தவர், ஒரு சொட்டு விடாமல் குடித்தார். "ரொம்ப நல்லா…" என்று ஆரம்பித்தார், "இருக்கு" வெறும் காற்றாக வந்தது. போன தொண்டையின் வலி எனக்குத் தெரியாதா? வெந்நீர், உப்பு, தேன் என்று ஓடினேன். செல்வி விசிறியை எடுத்து வீசினாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. நாற்பது நிமிஷத்தில் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இரண்டு முறை ச, ப பிடித்துப் பார்த்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் பையை எடுத்துக்கொண்டு, என்னைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்கு எனக்கு முன்னாடி இன்னொரு அம்மா பாடறாங்க. அவுங்களுக்கு ஒண்ணு பார்சல் கட்டிக் குடு."

எதுவா இருந்தாலும் ஓகே

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பங்கள் வந்து மேஜைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தன. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பட்டுப்புடவைகளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பையன் சிதம்பரம், பெண் கடலூர். பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மாம்பழமா, அன்னாசியா என்று செல்வி கேட்டாள். "எதுவா இருந்தாலும் ஓகே." வெனிலாவா, ஸ்ட்ராபெர்ரியா? "எதுவா இருந்தாலும் ஓகே." பெரிய கிளாஸா, சின்னதா? அதே பதில். பெண்ணின் அம்மா முகம் சுருங்கிக்கொண்டே போனது. இந்தப் பையன் எதற்காவது வாயைத் திறப்பானா என்ற கவலை எனக்கே வந்துவிட்டது.

செல்வி நோட்டை மூடாமல், அதே குரலில் கேட்டாள். "பூண்டு ஃப்ளோட் ஒண்ணு போடட்டுமா அண்ணே?" பையன், "ம், ஓகே" என்றான். அதுவரை தலை குனிந்திருந்த பெண் பொங்கிப் பொங்கிச் சிரித்தாள். பையன் நிமிர்ந்து பார்த்து, என்ன சொன்னோம் என்று புரிந்து அவனும் சிரித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வியிடம் சொன்னாள்: "அவருக்கு மாம்பழம் குடுங்க அக்கா. இனிமே அவருக்கு என்ன வேணும்னு நானே சொல்லிக்கிறேன்."

வரவேற்பு

அவர்கள் கல்யாண வரவேற்பு சிதம்பரத்தில். முந்நூறு பேருக்கு ஃப்ளோட் எங்கள் பொறுப்பு. எங்களுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். இது சரியாக நடந்தால் நாலு மண்டபத்தில் கூப்பிடுவார்கள், சொதப்பினால் கடைக்கும் யாரும் வரமாட்டார்கள். ஐஸ்கிரீமைப் பெட்டிகளில் அடுக்கி வேனில் கிளம்பினோம். புதுச்சத்திரம் தாண்டியதும் வேன் நின்றுவிட்டது. நாலு மணி வெயில், பக்கத்தில் ஒரு மர நிழல்கூட இல்லை. மெக்கானிக் வந்து சரிசெய்து, மண்டபத்தில் போய்ப் பெட்டியைத் திறந்தால், ஜில்லென்று ஐஸ்கிரீம் பாயசம். உருண்டை பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

நான் சமையல்கட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். செல்வி நேராகப் பெண்ணின் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாம்பழக்கூழில் அந்தப் பாயசத்தை ஊற்றி, கடைசியாக சோடாவை உயரத்திலிருந்து விட்டாள். கிளாஸ் விளிம்பு வரை நுரை எழுந்து நின்றது. நானும் எழுந்தேன். வரிசை நீண்டுகொண்டே போனது. மாப்பிள்ளையின் தாய்மாமா, பெரிய மீசைக்காரர், மூன்று கிளாஸ் குடித்துவிட்டு என்னை நோக்கி வந்தார். மிதக்கிற உருண்டை எங்கே என்று கேட்கப்போகிறார் என்று பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து, ரகசியமாகச் சொன்னார்: "எத்தனையோ கல்யாணம் பாத்துட்டேம்மா. பல்லு செட்டு மாட்டினவங்களையும் மனசுல வச்சிக் கரைச்சே குடுத்தது நீங்க ஒருத்தங்கதான்."

கத்திரி வெயிலுக்குக் குளிர்ச்சியாக ஒரு தொழில் செய்யலாம் என்று நினைப்பவர்கள் தாராளமாக வாருங்கள், கடைக்குள் வேர்க்காமல் இருக்கிற ஒரே இடம் ஃப்ரீசர்தான் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.