துண்டில் சுற்றிய சிலையோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு

திங்கள், காலை 5.50. குமராட்சியில் மினிபஸ் வந்ததும் ஆரோக்கியம் ஓடிப்போய்க் கடைசி சீட்டைப் பிடித்தான். என் மனைவியின் தம்பி. வயல் வேலை முழுக்க அவன் பொறுப்பு. நான் சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியன். அவன் மடியிலிருந்த சாக்குப் பைக்குள், துண்டில் சுற்றி, ஒரு சாண் உயர வெண்கலச் சிலை. சனிக்கிழமை மாலை வடிகால் வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்டது.

செய்தி எப்படிப் பரவியதோ, ஞாயிற்றுக்கிழமை மதியமே வெள்ளைக் காரில் இருவர் வந்தார்கள். நல்ல விலை தருவதாகச் சொன்னார்கள். மறுத்தோம். மாலையில் மறுபடி வந்து, "புள்ளைங்க இருக்கற வீடு, யோசிச்சு முடிவெடுங்க" என்று சொல்லிப் போனார்கள். கிராம நிர்வாக அலுவலரின் போன் அணைந்து கிடந்தது. விடியும் முன்பே கிளம்பிவிட்டோம்.

6.45. பதினைந்து கிலோமீட்டர் கடந்து சிதம்பரம். கடலூர் பேருந்தில் ஆளுக்கு நாற்பது ரூபாய். இன்னும் நாற்பத்தைந்து கிலோமீட்டர். "பைய மேல போடுங்க சார்" என்றார் நடத்துநர். "மடியிலயே இருக்கட்டும்ணே" என்றான் ஆரோக்கியம், அவசரமாக.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு வெள்ளைக் கார் எங்களை முந்திப் போனது.

"மாமா, அதே வண்டியா?"

"தெரியல மச்சான். வெளிய பாக்காத."

சிப்காட் ரசாயன ஆலைகளின் வாடை ஜன்னலில் அடித்தபோதும் அவன் பையிலிருந்து கையை எடுத்து மூக்கைப் பொத்தவில்லை.

8.40. ஆட்சியர் அலுவலகம். முதன்முறை வருகிறவர்கள் அறிய வேண்டியது: திங்கட்கிழமை மனு நாள். வாசலிலேயே போலீசார் எல்லாப் பைகளையும் பிரித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டிலைக்கூட முகர்ந்து பார்ப்பார்கள். விரக்தியில் யாராவது தீக்குளிக்க வந்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. மனுவுக்கு இரண்டு நகல், ஆதார் நகல் கையில் இருக்கட்டும். எங்களிடம் இவை எதுவும் இல்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர்.

"திரும்பிடலாம் மாமா. செல திருடன்னு உள்ள போட்டுட்டா?"

அவர்களாகப் பையைத் திறந்து பார்த்தால், பிறகு நாங்கள் என்ன சொன்னாலும் சமாளிப்பாகத்தான் தெரியும். வரிசையை விட்டு விலகி நேராகப் பெண் உதவி ஆய்வாளரிடம் போனேன்.

"மேடம், எங்க நெலத்துல ஒரு சிலை கெடச்சிது. ஒப்படைக்க வந்திருக்கோம்."

அவர் பையின் மேல் கை வைத்தார். "எப்ப கெடச்சிது?"

"சனிக்கிழம."

"இன்னிக்கு திங்கள். நேத்தெல்லாம் என்ன பண்ணீங்க?"

ஆரோக்கியம்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினான். "நேத்து இதை வாங்க வந்தவுங்க வண்டி நம்பருங்க." அவன் குறித்து வைத்தது எனக்கே தெரியாது. அவர் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "உள்ள வாங்க. மொதல்ல உக்காருங்க" என்றார்.

11.30. வருவாய்ப் பிரிவு அறையில் எடை போட்டு, அளந்து, எங்கள் வாக்குமூலத்தை எழுதி, கையெழுத்து வாங்கி ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். "இனிமே எது கெடச்சாலும் தூக்கிட்டு வராதீங்க. தாசில்தாருக்குச் சொல்லுங்க, நாங்க வர்றோம்" என்றார் எழுத்தர். வாசகர்களுக்கும் இதே அறிவுரை.

மஞ்சக்குப்பம் அருங்காட்சியகத்திலிருந்து வந்த அலுவலர் ஆரோக்கியத்திடம்தான் பேசினார்.

"எவ்ளோ ஆழம்? மொகம் எப்படி இருந்துது?"

"மூணடி சார். கவுந்து கெடந்துது."

"நாங்க வந்து பாக்கற வரைக்கும் அந்த எடத்த உழ வேணாம்."

"நாத்துக்கு இருவத்தஞ்சு நாளாச்சு சார். இனி தாங்காது."

"சுத்தி அடையாளம் போட்டுட்டு மத்த எடத்துல நடுங்க."

பிற்பகல் 2.30. அந்த அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டே கிளம்பினோம். நுழைவுச்சீட்டு ஐந்து ரூபாய், வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆரோக்கியம் ஒவ்வொரு சிலையின் கீழும் குனிந்து படித்தான். "ஊர் பேரு இருக்கு மாமா. எடுத்தவன் பேரு ஒண்ணுத்துலயும் இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. அடுத்ததையும் குனிந்து படித்தான்.

மாலை 6. அவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் வயலில் இறங்கி, வெட்டிய குழியைச் சுற்றி நான்கு மூங்கில் குச்சிகளை அடித்துக் கயிறு கட்டினான். மறுநாள் நடவு நடந்தது. வயல் முழுக்கப் பச்சை. கயிற்றுக்குள் மட்டும் வெறும் சேறு. நடவுக்கு வந்த பெண்கள், யாரும் சொல்லாமலே, அந்தக் கயிற்றைச் சுற்றிப் போனார்கள்.