படத்துப் புலியை விரட்டிய ஞாயிறு

1926 பெப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு மழைமானியைப் பார்த்தேன். அங்குலத்தில் நூற்றில் எட்டுப் பங்கு. புத்தகத்தில் எழுதிவிட்டு ஆபீஸ் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். வாரம் ஒரு முறை, ஞாயிறு காலையில்தான் கொடுப்பது. ஆறேகாலுக்குத் தேத்தண்ணி. பிறகு சவரம். ஞாயிறு என்பதால் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு இல்லை, ஆள் கணக்கு எடுக்கும் வேலையும் இல்லை. ஏழரைக்குள் இரண்டு கடிதங்களுக்குப் பதில் எழுதி முடித்தேன்.

என் நாட்குறிப்பு அன்றைய காலையைப் பற்றி இவ்வளவுதான் சொல்கிறது. அதன் கீழே ஒரு வரி: "பிற்பகல் இரண்டு மணிக்குப் பதுளையில் பயாஸ்கோப். மகளையும் அழைத்துப் போக வேண்டும்."

அந்த "வேண்டும்" ஏன் என்று சொல்லிவிட வேண்டும். தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். எங்கள் வீடு தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து விலகி, மேட்டில் தனியாக இருந்தது. மகளுக்கு அப்போது எட்டு வயது. ஜனவரி 18ஆம் தேதி மாலை, மேய்ந்துகொண்டிருந்த தன் ஆட்டுக்குட்டியைக் கயிற்றைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தாள். ஓடைக்கரைப் புதரிலிருந்து சிறுத்தை பாய்ந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கயிறு அவள் கையில் இருந்தது. இழுத்த வேகத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்து, கழுத்து முடிச்சு அவிழ்ந்து, கயிறு மட்டும் அவள் கையில் மிஞ்சியது. மாட்டுப் பொங்கலுக்கு வாங்கி மஞ்சள் தடவிய புதுக் கயிறு அது.

கை பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் கீழ்ப் பிரிவில், முக்கால் மைல் தூரத்தில். பாதை அந்த ஓடையைக் கடந்துதான் போக வேண்டும். நான் கூடப் போகிறேன் என்றேன், வரவில்லை. காவல்காரனை அனுப்புகிறேன் என்றேன், வரவில்லை. வீட்டு வாசற்படிக்கு அப்பால் அவள் கால் வைத்து நான்கு வாரம் ஆகியிருந்தது.

என் மனைவியின் அண்ணன் செவ்வாய்க்கிழமை தலைமன்னார் வழியாகத் திருச்சிக்குப் போவதாக இருந்தார். மனைவி சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதே முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"திங்கக்கிழம பள்ளிக்கூடம் போனா போகட்டும். இல்லைன்னா அண்ணன் கூட ஊருக்கு அனுப்பிருவோம். அங்க புலியும் இல்ல, ஓடையும் இல்ல."

"அங்க நீயும் இல்லையே" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்? பிள்ள இங்க செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு அது மேல்."

மகள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தட்டிலிருந்த ரொட்டியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து வரிசையாக அடுக்கினாள். ஒன்றையும் வாயில் வைக்கவில்லை.

பயாஸ்கோப் கூடாரம் ஒரு வாரமாகப் பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த வெளியில் போட்டிருந்தார்கள். அவர்கள் கொடுத்த துண்டுக் காகிதத்தில் ஒரு சிறுமியும் கரடிக்குட்டியும் புலியும் அச்சிட்டிருந்தார்கள். சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். என் கணக்கு எளிமையானது: தன் வயதுப் பிள்ளை காட்டில் பயமில்லாமல் நடப்பதைப் பார்த்தால் இவளுக்கும் தைரியம் வரும். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வர ஒப்புக்கொண்டாள். ஸ்டேஷன் வரை தூக்கியே போனேன். அதற்கு முன் அவளை அவ்வளவு தூரம் நான் தூக்கிப் போனதில்லை, நல்ல கனம்.

எங்கள் தோட்டத்திலிருந்து அன்று ஏறக்குறைய அறுபது பேர் கிளம்பினார்கள். காரணம், பேசாத படத்துக்குக் கொட்டடிக்கப் போவது எங்கள் தோட்டத்தில் தப்புப் பறை அடிக்கும் தப்புக்காரர். கூடாரக்காரர்களின் மத்தளக்காரன் காய்ச்சலில் பண்டாரவளையிலேயே தங்கிவிட, இவரைக் கேட்டிருந்தார்கள். ரயிலில் அவர் என் எதிரே, தப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தினமும் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளை எழுப்புவது அவர் கொட்டுதான்.

"ஐயா, எத எப்ப அடிக்கிறதுன்னு சொல்லிக் குடுங்க. எனக்குத் தெரிஞ்சது நாலு அடிதான். பெரட்டு, கல்யாணம், சாவு, விரட்டடி."

"பிள்ளை விளையாடினா கல்யாண அடி. யாராவது அழுதா சாவு அடி, மெதுவா. படம் தொடங்குறப்ப பெரட்டு."

"சாவு அடி அடிச்சா நம்ம ஆளுங்க எந்திரிச்சு தலையில துண்ட கட்டிக்கிருவாங்களே" என்றார் பக்கத்தில் இருந்த கங்காணி.

"கட்டிக்கட்டும். பின்னால உக்காந்தவன் மறைக்குதுன்னு கத்துவான், அவ்வளவுதானே" என்றார் தப்புக்காரர்.

மூன்று அடிகளுக்கு இடம் சொல்லிக்கொடுத்த நான், நாலாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது பிழை. சொல்லத் தேவை இருக்கும் என்று தோன்றவில்லை.

விரட்டடி எங்கள் தோட்டத்து வழக்கம். காட்டுப்பன்றி தோட்டத்துக்குள் இறங்கினாலோ, சிறுத்தை லயத்துப் பக்கம் வந்தாலோ அந்த அடி கேட்கும். கேட்டதும் லயத்தின் ஒவ்வொரு காம்பரா அறையிலிருந்தும் ஒரு ஆள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். வரிசையாக நின்று, சத்தம் போட்டுக்கொண்டே முன்னால் நடக்க வேண்டும். யாரும் திரும்பி ஓடக் கூடாது. ஏன், எதற்கு என்று கேட்பதெல்லாம் பிறகு.

கூடாரத்துக்குள் கறுப்புப் படங்குத் துணியை இரட்டையாகக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். பின்னால் படம் ஓட்டும் மோட்டார் இரைந்தது. எங்கள் ஆட்கள் வலது பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். இடது பக்கம் பெஞ்சுகளில் பதுளைக் கடைக்காரர்கள், குடும்பங்களோடு. நான் நடுப்பாதை ஓரமாக உட்கார்ந்தேன். மகள் என் மடியில்.

படத்தில் எழுத்து வரும்போது அதைத் தமிழில் சொல்ல ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்றார். நல்ல குரல். ஆனால் எழுத்தில் உள்ளதை அவர் சொல்லவில்லை. "தந்தை பொறிகளைப் பார்க்கப் போனார்" என்று இங்கிலீசில் இருந்தது. அவர், "பெற்ற மகளைத் தன்னந்தனியே விட்டுவிட்டு, கல் நெஞ்சக்காரன் கானகம் போகிறான், பாருங்கள் மகாஜனங்களே" என்றார்.

நான் மகளின் காதில் சரியானதைச் சொன்னேன். அடுத்த எழுத்துக்கும் சொன்னேன். மூன்றாவது முறை அவள் என் வாயைக் கையால் மூடினாள்.

"அப்பா, அவரு சொல்றதே நல்லா இருக்கு."

அதோடு என் மொழிபெயர்ப்பை நிறுத்திக்கொண்டேன்.

கதை பனிக்காட்டில் நடந்தது. மரவீட்டில் ஒரு தகப்பனும் சிறுமியும். தாயில்லாத கரடிக்குட்டி ஒன்று வாசலுக்கு வருகிறது. சிறுமி அதற்குத் தன் கஞ்சியைக் கொடுக்கிறாள். குட்டி கிண்ணத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு எடுக்க முடியாமல் சுற்றுகிறது. கல்யாண அடி நன்றாக விழுந்தது. மகள் சிரித்தாள். நான்கு வாரத்தில் முதல் சிரிப்பு என்று அன்றிரவு எழுதியிருக்கிறேன்.

பிறகு தகப்பன் திரும்பி வரவில்லை. சிறுமி கரடிக்குட்டியைக் கயிற்றில் கட்டிக் கூட்டிக்கொண்டு அவரைத் தேடிக் கிளம்பினாள். கயிற்றைப் பார்த்ததும் மகளின் உடம்பு விறைத்தது. என் கணக்கு தப்பாகப் போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாறை மேல் ஒரு பெரிய விலங்கு வந்து படுத்தது.

"புலி, புலி" என்றார்கள் எங்கள் ஆட்கள். எங்கள் பக்கத்தில் சிறுத்தையைத்தான் புலி என்பார்கள்.

"புள்ளி எங்க? புள்ளியில்லாம என்ன புலி?"

"வெள்ளக்காரன் ஊருப் புலி. வெளுத்திருக்கும்."

"புலியெல்லாம் சரி, அந்தப் பிள்ளைய யாரு தனியா விட்டா? அங்க கங்காணி இல்லையா?"

விலங்கு பாறையிலிருந்து இறங்கியது. சிறுமி பார்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு குனிந்து நின்றாள். மகள் என் சட்டைக்குள் முகத்தை வைத்து, "வீட்டுக்குப் போகலாம், வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லத் தொடங்கினாள். அவளைத் தூக்கிக்கொண்டு எழப் போனேன்.

அந்த நேரம் விரட்டடி விழுந்தது.

தப்புக்காரர் யோசித்து அடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு அவரும் அப்படித்தான் சொன்னார். கை அடித்தது. எங்கள் ஆட்கள் அறுபது பேரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். ஆண்களும் பெண்களும் கூடாரத்தின் குறுக்கே வரிசையாக நின்று, "ஓய், ஓய்" என்று கூவிக்கொண்டு திரையை நோக்கி நடந்தார்கள். ஒருவர் கையில் குடை, ஒருத்தி கையில் தூக்குச்சட்டி, மற்றவர்கள் கைதட்டினார்கள். பெஞ்சுக்காரர்கள் நெருப்பு என்று நினைத்து வாசல் பக்கம் ஓடினார்கள். ஒரு சில்லறைக் கடைக்காரர் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு யாரையும் குறிப்பிடாமல் திட்டினார்.

வரிசை திரைக்கு ஆறடி தூரத்துக்கு வந்திருக்கும். படத்தில் அந்த விலங்கு தலையைத் திருப்பியது. காதுகளைப் பின்னுக்கு மடித்தது. பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

தப்பு நின்றது. "போயிருச்சு" என்றார் கங்காணி. எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்கள். மோட்டார் நிற்கவேயில்லை; படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கூடாரத்துச் சொந்தக்காரர் ஓடி வந்து தப்புக்காரரின் தோளைப் பிடித்தார். "யோவ், எழுந்திரு. வெளிய போ. படம் பாக்க வந்தியா, புலி வேட்டைக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும் சேத்துத்தானே டிக்கெட் வித்தீங்க" என்று தரையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. பெஞ்சுக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். தப்புக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இதையெல்லாம் மகள் பார்த்தாள். எப்போது முகத்தை வெளியே எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. வரிசை நடக்கும்போது என் மடியில் எழுந்து நின்று, என் தலையைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் ஆட்களையே பார்த்தாள். உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கும் இந்த அடிதானே அடிச்சாங்க? எனக்கு உள்ள கேட்டுச்சு."

"ஆமா."

"அன்னைக்கும் இப்பிடியா எல்லாரும் வந்தாங்க?"

"இதவிட அதிகம். எண்பத்தேழு பேர். எண்ணி எழுதி வச்சிருக்கேன்."

"எனக்காகவா?"

"உனக்காகத்தான். விடியிற வரைக்கும் ஓடைக்கரையில நின்னாங்க."

"நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள்.

உண்மைதான். அன்று அவளை அவள் அம்மா உள்ளே தூக்கிப் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். வெளியே நான் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கயிறும் இருட்டும் அந்தக் கொட்டும்தான். எண்பத்தேழு என்பதை நாட்குறிப்பில் எழுதிய நான், அந்த எண்ணை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை.

படம் நல்லபடியாக முடிந்தது. தகப்பன் கிடைத்தார், கரடிக்குட்டியும் வீடு வந்தது. மாலை வண்டியில் மகள் என் மடியை விட்டு இறங்கித் தப்புக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் தகரத்துல அடிச்சா வருவாங்களா?"

"தகரம், சட்டி, எதுல அடிச்சாலும் அடி சரியா இருந்தா வருவாங்க பாப்பா."

"காலையிலயும்?"

"வேலக்காட்டுல இருந்தா இன்னும் சீக்கிரமா வருவாங்க. சாக்கு கிடைச்சிச்சுன்னு ஓடி வருவாங்க." கங்காணியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "ஆனா சும்மா வெளையாட்டுக்கு அடிச்சிறாத. அப்பறம் நெசமா அடிக்கிறப்ப ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்."

அவள் விரலால் தன் முழங்காலில் அடித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். முதல் அடியைக் கொஞ்சம் அழுத்தச் சொன்னார். தெமோதரை வரும்வரை அது நடந்தது. ஸ்டேஷனிலிருந்து பாதி வழி நடந்தாள். ஓடை வந்ததும் தூக்கச் சொன்னாள்; தூக்கினேன். ஆனால் இந்த முறை முகத்தைப் புதைக்கவில்லை.

வீட்டில் என் மனைவி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். "என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள். "நாளைக்குத் தெரியும்" என்றேன். மகள் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: மாமா போகும் வண்டி செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு. பதில் வருவதற்குள், "நான் அதுல போகல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

பெப்ரவரி 15, திங்கட்கிழமை. பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்பே யாரோ என் போர்வையை இழுத்தார்கள். மகள் பள்ளிக்கூடத்துப் பாவாடை சட்டையோடு நின்றாள். ஒரு கையில் காலி பிஸ்கட் தகரம், மறு கையில் அந்த மஞ்சள் கயிறு. கயிற்றை எங்கே வைத்திருந்தாள் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

தகரத்தின் இரண்டு பக்கமும் ஆணியால் துளை போட்டேன். கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டேன். தோளில் மாட்டிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கியது. அவிழ்த்து ஒரு சாண் குறைத்துக் கட்டினேன். இதற்குள் மணி ஆறு இருபது ஆகிவிட்டது. மழைமானியை நான் தாமதமாகப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நேரத்தையும் சேர்த்தே எழுதினேன். மழை இல்லை.

திரும்பி வந்தபோது மனைவி அடுப்படியிலிருந்து இரண்டு ரொட்டியை இலையில் சுற்றிக்கொண்டு வந்து தகரத்தின் மூடியைத் திறந்தாள்.

"அதுக்குள்ள வைக்காதீங்கம்மா" என்றாள் மகள். "சத்தம் வராது."