ஷூவைக் கொண்டுவந்தவர்

நான், என் மனைவி, மகன், மருமகள். போன டிசம்பரில் மகன் எங்களைக் கனடாவில் இருக்கும் கியூபெக் நகரத்துக்குக் கூட்டிப்போனான். பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய பழைய ஊர், சுற்றிலும் கோட்டைச் சுவர். பனி கொட்டியது. சுவரை ஒட்டி ஒரு சர்ச் இருந்தது. எங்கள் ஊரான கொட்டாரத்தில் சர்ச்சுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. அந்தப் பழக்கத்தில், கடைசியாக நுழைந்த நான் ஷூவை வாசலில் கழற்றிவிட்டேன்.

ஜெபம் முடிந்து வந்தால் ஷூவைக் காணோம். சுவர் ஓரமாக ஒரு கிழவர் வந்தார். நல்ல உயரம், சிவந்த மூக்கு, புருவமெல்லாம் பனி. கோட்டுக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தார். என் ஷூவின் நுனி தெரிந்தது.

"அந்தா வாறான் கள்ளன். விடாத மக்கா," என்றேன்.

"ஆரு ஒங்கள கழத்தச் சொன்னா? கொட்டாரம்னு நெனச்சியளோ?" என்றாள் மனைவி.

மகன் அவரிடம் பிரெஞ்சில் பேசினான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, இவரு இந்தச் சர்ச்சு வாட்ச்மேன். ஆரோ வெறுங்காலோட பனியில போயிட்டாவன்னு பயந்து, சுவரு நெடுக தேடியிருக்காரு. ஆளு கெடச்சா காலு வெறைச்சிருக்கும்னு, ஷூவக் கோட்டுக்குள்ள வச்சிச் சூடாக்கியிருக்காரு."

கிழவர் ஷூவுக்குள் கைவிட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குனிந்து என் காலடியில் வைத்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது. அப்படியும் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இவருக்கு வயசு என்னன்னு கேளு மக்கா," என்றேன்.

எழுபத்தெட்டு. என்னைவிட மூத்தவர்.