ஒரே வரி பேசிய பெண்கள்

ஈரக் கம்பளி சூட்டில் காயும் மணம் வந்தால் இன்றும் என் விரல்கள் பரபரக்கும். இரண்டாயிரத்துக்குப் பின் வந்த மழைக்காலங்கள் அவை. அட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, நான்கு கம்பியூட்டர் வைத்திருந்த கடையில் டைப் அடிக்கும் வேலையில் இருந்தேன். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நனைந்து வந்து, ஸ்வெட்டரைக் கழற்றி மெஷினுக்குப் பின்னால் போடுவேன். அது ஆவி விடும். நான் கம்பியூட்டரில் ஒரு விளையாட்டைத் திறப்பேன்.

வாளும் மந்திரமும் உள்ள பெரிய நாடு. எங்கும் நடக்கலாம், யாரோடும் பேசலாம். பேச்செல்லாம் இங்கிலீஷ், அகராதி மடியில் கிடக்கும்.

முதல் நாளே பிழை விட்டேன். குதிரையில் ஒரு பிரபு வந்தான். என் வீரனைப் பாதையிலிருந்து இறக்கி, ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் நிறுத்தினேன். பின்னால் நின்ற கடைக்கார அண்ணன் சிரித்தார்.

“ஏம்மா, நாட்டக் காப்பாத்த வந்தவனே நீதான். கான்ல எறங்கி நிக்கிற?”

“தொர வர்றாருண்ணே.”

சொன்ன பிறகுதான் எனக்குச் சுட்டது. தோட்டத்துத் துரையின் ஜீப் வந்தால் பாதையை விட்டு இறங்க என் கால்கள் என்னைக் கேட்பதேயில்லை. அன்று முதல் எந்தப் பிரபுவுக்கும் வழி விடவில்லை. குதிரை சுற்றிப் போகட்டும்.

அந்த நாட்டில் அரசனுக்குப் பக்கம் பக்கமாக வசனம். துக்கம், துரோகம், பழைய காதல். வயலில் குனிந்திருந்த பெண்களிடம் போனால், “விளைச்சல் நல்லது, ஐயா.” மழையிலும் அதே. ஊர் எரிந்த மறுநாளும் அதே.

ஒருத்தி மட்டும் வேறு. ஒரு சத்திரக்காரி. அவள் அடுப்படியில் ஒரு ரொட்டி திருடியிருந்தேன். பிறகு மலைப்பாம்பு மாதிரி ஒரு ராட்சதனைக் கொன்று வந்தேன்; ஊரே குனிந்தது. அவள் இடுப்பில் கை வைத்து, “என் ரொட்டி எங்கே?” என்றாள். எழுந்து கும்பிடலாம் போலிருந்தது. அவளை எழுதியவனுக்கு ஆள் எழுதத் தெரியும். என் வீரம் அவளுக்கு எதற்கு? அவளுக்கு அவள் அடுப்பு இருந்தது, ஞாபகம் இருந்தது.

அம்மா ஒருநாள் பிறப்புச் சான்றிதழைப் போட்டோக்கொப்பி எடுக்க வந்தாள். முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். திரையில் குனிந்திருந்த பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இவளுக ஒருத்தரோட ஒருத்தர் பேச மாட்டாளுகளா?”

“அப்பிடி எழுதலம்மா.”

“அப்ப எழுதுனவன் ஒரு நாளும் மலைக்கு ஏறல. வாய மூடிக்கிட்டு எவ கொழுந்தெடுப்பா? தொரைக்கே நாங்க வச்ச பட்டப்பேரு எத்தன தெரியுமா?”

அதை அப்படியே எழுதினேன். டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த யாழ்ப்பாணத்து சேர் ஒருவர் வாசகர் வட்ட மலர் போட்டுக்கொண்டிருந்தார். கம்பியூட்டர் விளையாட்டைப் பற்றி என்னிடம் ஒரு பக்கம் கேட்டிருந்தார். அதுவரை என் எழுத்து அச்சில் வந்ததில்லை. வர வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடை வாசலில் நின்று அவர் குடையை மடக்காமலே படித்தார்.

“சத்திரக்காரி நல்லாயிருக்கு, பிள்ளை. ஆனா உம்மட அம்மா கதைக்கிற இடத்தை எடுத்துப்போடும். துரை, பட்டப்பேர்... விளையாட்டைப் பற்றித்தானே கேட்டனான்?”

“வெளையாட்டப் பத்திதான் சேர் எழுதியிருக்கேன்.”

“அந்த வயல் பெண்டுகள் சும்மா பின்னணிக்கு நிக்கிற ஆக்கள். அவைக்கு ஒரு வரி காணும், அதுவே போதும்.”

கெட்ட மனிதர் இல்லை. ஒரு பந்திதான், வெட்டினால் மலரில் என் பெயர் வரும். என் கால்கள் மறுபடி கானில் இறங்கப் பார்த்தன. நான் விடவில்லை. தாளை அவர் கையிலிருந்து வாங்கி நான்காய் மடித்தேன்.

“அச்சுக்குப் போற நேரம், பிள்ளை. பக்கம் வெறுமையாப் போகும்.”

“போகட்டும் சேர். அந்தப் பொம்பளைங்க அந்த வெறும் பக்கத்துலயாவது கொஞ்சம் கால நீட்டி உக்காரட்டும்.”