காலிப் பெட்டியைத் தட்டிப் பார்த்தவர்

எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தால் என்ன பலன் கிடைத்தது என்று மதிப்பிடச் சென்னையிலிருந்து வந்தவர் அவர். நான் அந்தத் திட்டத்தின் களப்பணியாளன். அவர் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. மீன் வாடைக்கு மூக்கில் கைக்குட்டை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் நாங்கள் மாட்டியிருந்த இலவச ஆணுறைப் பெட்டிகளை, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி, விரலால் தட்டிக்கொண்டே வந்தார். காலி என்று தெரிந்தால் முகம் மலரும். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

"எல்லாரும் யூஸ் பண்றாங்க. வெரி குட்!"

பக்கத்தில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த படகுத் தொழிலாளி சிரித்தார்.

"ஆமா சார், நல்ல சாமான். கடல்ல போன் நனையவே மாட்டேங்கு."

மடியிலிருந்து எடுத்தும் காட்டினார். ஆணுறைக்குள் போட்டு முடிச்சிட்ட செல்போன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரத்தம் டெஸ்ட் பண்ணணும்னா எங்கன சார் போணும்? மனசுல ஒரு பயம் கெடக்கு."

"அது என் வேலை இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த பெட்டியைத் தட்டப் போய்விட்டார். தொழிலாளியை நான்தான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

திட்டம் மாபெரும் வெற்றி என்று அந்த மகானுபாவர் எழுதிக் கொடுத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் கடலில் இப்போது ஒரு போன்கூட நனைவதில்லை.