பங்கருக்குள் உருளைக்கிழங்கு மணம்

போன ஞாயிறு எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அண்ணையின் மகன் புது மனைவியோடு வந்திருந்தான். குசினியில் உருளைக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. நான் பானை மூடியைத் திறந்ததுதான் தாமதம்… மேசையில் இருந்த என் கணவர் அன்ரன் இரண்டு காலையும் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டார்!

புதுப் பெண் திகைத்துப்போனாள்.

"அன்ரி, அங்கிளுக்குக் கால் நோவோ?"

காலுக்கு ஒன்றுமில்லை, பிள்ளை. அது பழைய கதை. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கிழங்குக் கறி சாப்பிட்டுக்கொண்டு மட்டும் வாசிக்காதேங்கோ.

தொண்ணூறாம் ஆண்டு. சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. குருநகர்க் கடற்கரையில் இருக்க ஏலாமல், சில மைல் உள்ளே இருக்கிற எங்கட திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின் அறைக்கு வந்து சேர்ந்தோம். நான், அன்ரன், நாலு வயது மகள் றெஜினா. அன்ரன் கடல் தொழில் செய்தவர். கடலுக்குப் போகத் தடை. மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிசனுக்கு நாள் தவறாமல் பூசணிக்காய்! அதையும் அடுத்த வளவு இராசம்மா அக்காதான் வேலிப் பொட்டுக்குள்ளால் நீட்டுவா. தோட்டக்காரக் குடும்பம். கேட்காமலே தருவா. அதற்கு வாய் நிறைய நன்றி சொல்ல வேண்டாமா?

எங்கட ஆள் சாப்பாட்டுச் செபத்தையே நிற்பாட்டிவிட்டார்.

"எதுக்கு நன்றி சொல்லச் சொல்லுறீர்? உந்தக் கண்டறியாத பூசணிக்காய்க்கோ? கடலைத் தந்தவர், பறிச்சும் போட்டார். நான் கும்பிட மாட்டன்."

ஞாயிறு பூசைக்கும் வருவதில்லை. நானும் மகளும்தான் போவோம். இந்த மனிசன் இப்படியே கல்லாய்ப் போய்விடுமோ என்று எனக்குப் பயம். குண்டு போடுகிற பொம்பருக்குப் பயந்ததைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

வளவில் பங்கர் வெட்டியிருந்தோம். ஆள் உயரக் குழி. மேலே பனங்குற்றி, சுற்றிவர மண்மூட்டை. விமானச் சத்தம் கேட்டால் அதற்குள் ஓடுவோம். பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. மகள் எப்போதும் கடைசி மூலையில் ஒரு மூட்டையில் தலை சாய்த்துப் படுப்பாள். பாதுகாப்பான மூலை என்று நாங்களே அவளுக்குக் கொடுத்த இடம்.

அந்த மணம் அங்கேதான் வந்தது.

குண்டு விழும்போது வராது. விமானம் போன பிறகு, வெளியில் ஒரு காகம்கூடக் கத்தாத அமைதி இருக்கிறதே… அப்போது மெல்ல வரும். அவித்த உருளைக்கிழங்கு மணம்.

"பார்த்தீரே?" என்றார் அன்ரன் இருட்டுக்குள். "எங்களுக்குப் பூசணிக்காயைத் தள்ளிப்போட்டு, இராசம்மாக்கா வீட்டிலை கிழங்கு தின்னினம். உம்மடை கடவுளும் அந்தப் பக்கம்தான்."

பொய் சொல்லக்கூடாது… எனக்கும் வாய் ஊறியது. கை செபமாலையை உருட்டியது. மனம் கிழங்கை உருட்டியது.

ஒருநாள் மகள் என் காதுக்குள் சொன்னாள்.

"அம்மா, இதிலை ஆரோ மூச்சு விடினம்."

"அது அப்பா, பிள்ளை."

"அப்பா அங்காலையெல்லோ இருக்கிறார்."

கையை நீட்டித் தடவினேன். மூட்டைகளுக்கு இடையில் குளிர்ச்சியாய், வளையம் வளையமாய் ஏதோ ஒன்று. அட, அன்ரனின் வள்ளக் கயிறு! விட்டுப் பிரிய மனமில்லாமல் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறார், பாவம் என்று நினைத்தேன். அதன்மேல் கையை வைத்தபடியே மிச்சச் செபமாலையையும் சொல்லி முடித்தேன்.

அடுத்த நாள் காலை இராசம்மா அக்கா வேலிக்குள்ளால் பூசணிக்காயை நீட்டினா. அன்ரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, உங்கடை வீட்டிலை ஒவ்வொரு நாளும் உருளைக்கிழங்கு அவியுது. எங்கடை பிள்ளைக்கு ஒரு துண்டு தந்தால் குறைஞ்சு போவியளோ?"

"உருளைக்கிழங்கோ? என்ன விசர்க்கதை, தம்பி? விதைக்கிழங்கு இல்லாமல் தோட்டம் சும்மா கிடக்குது. நாங்களும் உந்தப் பூசணிக்காயைத்தான் தின்னுறம்."

"அப்ப அந்த மணம்?"

"எங்கை மணக்குது?"

"பங்கருக்கை."

பூசணிக்காய் அக்காவின் கையிலிருந்து விழுந்து உடைந்தது.

"ஐயோ தம்பி, அது கிழங்கில்லை! நாகபாம்பு மூச்சு விட்டால் அப்பிடித்தான் மணக்கும். பிள்ளை எங்கை?"

பிள்ளை… பொம்மையோடு பங்கருக்குள் விளையாடிக்கொண்டிருந்தாள்.

அன்ரன் ஓடிய ஓட்டத்தை நான் இன்னும் கனவில் காண்கிறேன். பாய்ந்து இறங்கி மகளை அள்ளிக்கொண்டு வந்தார். அவளுக்கோ கோபம்.

"சத்தம் போடாதேங்கோ அப்பா. அது நித்திரை."

அக்காவின் கணவர் வந்து நீளத் தடியால் மூலை மூட்டையை இழுத்தார். மகள் தலை வைக்கிற அதே மூட்டை. பின்னால் வெள்ளையாய் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சட்டைக்குச் சொந்தக்காரர். மெல்லத் தலை தூக்கிப் படம் விரித்து எங்களைப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் வெளியே வந்து, வளவைக் கடந்து வேலிக்குள் போனது. ஒருவரும் அடிக்கவில்லை. அக்கா கைகூப்பிக்கொண்டு நின்றா.

"இஞ்சருங்கோ…" அன்ரனின் கையைப் பிடித்தேன். "உங்கடை வள்ளக் கயிறு… பங்கருக்கை வைச்சனீங்களெல்லே?"

அன்ரன் என்னைப் பார்த்தார்.

"கயிறெல்லாம் குருநகரிலை விட்டிட்டெல்லோ வந்தனான்."

அன்று முழுக்க என் வலது கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

பாம்புக்கு அப்படி மணமே கிடையாது என்று ஒரு வாசகர் நிச்சயம் எழுதுவார். எழுதுங்கோ. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் — மணமும் இருந்தது, பாம்பும் இருந்தது, எங்கள் பிள்ளை உயிரோடு இருந்தாள். அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார் என்று நாங்கள் கடவுளோடு கோபித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவர் எங்கள் பங்கருக்குள் அல்லவா வேலையாக இருந்திருக்கிறார்! யாருக்குத் தெரிந்தது?

மத்தியானம் அந்த உடைந்த பூசணிக்காயைத்தான் சமைத்தேன். அன்ரன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு எழும்பிச் சிலுவை அடையாளம் போட்டார்.

"ஆண்டவரே… உந்தப் பூசணிக்காய்க்கு…"

மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு மீன் வந்ததா? இல்லை. வந்தது பொம்பர்தான், அடுத்த நாளே. வேறு போக்கிடம் ஏது? அதே குழிக்குள்தான் இறங்க வேண்டும். என் கால் நகர மாட்டேன் என்றது. அன்ரன் முதலில் இறங்கினார். நேரே போய் அந்த மூலையில் தானே இருந்துகொண்டு, மகளை மடியில் வைத்தார்.

"வாரும். இவ்வளவு நாளும் காத்து வைச்சிருந்தவர் இண்டைக்கு மட்டும் விட்டிடுவாரோ?" என்றார்.

கதை முடிந்தபோது புதுப் பெண்ணின் கால்களும் மெல்லக் கதிரைக்கு மேலே ஏறியிருந்தன. அன்ரன் சிலுவை அடையாளம் போட்டுச் சாப்பாட்டுச் செபம் சொன்னார், காலை இறக்காமலே.

கடவுளை அவர் முழுசாய் நம்புகிறார்… உருளைக்கிழங்கைத்தான் நம்புவதில்லை!