கிரிவலப் பாதையில் ஒரு பேய் பட்ட பாடு

திரைப்படக் கல்வியில் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் ஆராய்ச்சி என்ற கண்டத்தைத் தாண்டியாக வேண்டும். விஸ்காம் படித்து நொந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கடைசி செமஸ்டரில் எங்களுக்கு வந்து சேர்ந்த வேலை, ஒரு திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுப்பது. அதற்கு முன்னால் அந்த ஜானரின், அதாவது அந்த வகைப் படத்தின், இலக்கணத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டும். பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும், சிரித்தால் அடுத்த வருஷம் வந்து மறுபடி எடுக்க வேண்டும் என்று எங்கள் சார் சொல்லிவிட்டார். பாஸாகாவிட்டால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் எங்கள் செல்போன் கடையில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு. குழுவில் நாங்கள் மூன்று பேர். கேமராவுக்குப் பிரபு, பேய்க்குச் செந்தமிழ், இயக்குநர் என்று சொல்லிக்கொள்ள நான்.

ஜானர் சொன்னபடி

ஆராய்ச்சிக்காகப் பேய்ப் படமாகப் பார்த்துத் தள்ளினேன். சாப்பிடும்போதும் பார்த்தேன். அம்மா ரசம் ஊற்றவா என்று கேட்கும்போதெல்லாம் ஃபோனுக்குள் ஒரு பெண் அலறுவாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அப்பா, இதெல்லாம் என்ன படிப்பு என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இஷ்டத்துக்கு எடுக்க முடியாதுப்பா. ஜானர் என்ன கேக்குதோ அதைக் குடுக்கணும். ஜானரை மீறினா பாஸ் போட மாட்டாங்க" என்று விளக்கினேன். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. டிவியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த ஜானர் வீடு எங்கம்மா இருக்குது? நான் வேணா போய் ஒரு வார்த்தை பேசிட்டு வரேன்."

ரசிகர் கருத்து

ரசிகர்களிடம் கருத்து கேட்பதும் ஆராய்ச்சியில் சேர்த்தி. எதைப் பார்த்தால் பயம் வரும் என்று ஊருக்குள் கேட்டு வரக் கிளம்பினோம். இருட்டு, சுடுகாடு, புளியமரம் என்று பதில் வரும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த அண்ணன் ஒருவர் மட்டும் கேள்வியை மதித்து, வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு வந்து, வெகுநேரம் யோசித்தார்.

"பேய் வந்தா வரட்டுங்க, ஒரு சவாரி ஆச்சு. பௌர்ணமி அன்னிக்கு எல்லா ரோட்டுலயும் தடுப்பு போட்டுடறாங்க பாருங்க, அதை நெனச்சாதான் எனக்கு வயித்துல புளி கரைக்குது."

ஆளில்லாத சாலை

பேய்ப் படத்துக்கு ஆளில்லாத சாலை வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஒன்றைத் தேடுவதைவிடப் பேயையே தேடிவிடலாம். மலையைச் சுற்றி எந்நேரமும் யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள். அலைந்து சலித்த பிறகு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்து கிடைத்தது. விடிந்தும் விடியாத நேரம், லேசாகப் பனி, ஒரு ஈ காக்கை இல்லை. பிரபு சந்தோஷத்தில் கேமராவை எடுத்தான்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு உருவம் வந்தது. வெள்ளை உடை, விரித்த தலைமுடி, செருப்பில்லாத கால். அடிமேல் அடி வைத்து வந்து, ஒரு வீட்டுச் சுவர் முன்னால் நின்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தது. கண் இமைக்கவில்லை. நான் பிரபுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பிரபு என்னுடைய பையைப் பிடித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து எதிரே டீக்கடை திறந்த அக்கா எங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த வெள்ளக்கார அம்மா மௌனத்துல இருக்காங்க. இஞ்சி டீ வேணுமான்னு கேட்டா மட்டும் தலையாட்டுவாங்க."

ஊளை

பேய் வருவதற்கு முன்னால் நாய் ஊளையிட வேண்டும், அது விதி. எங்கள் ஊர் நாய்களோ கிரிவலம் வருகிறவர்கள் போடும் பிஸ்கட்டைத் தின்று தின்று, யாரைப் பார்த்தாலும் வாலை ஆட்டுகிற ஜாதி. அவற்றுக்கு ரோஷம் வரட்டும் என்று பிரபு தானே தலையைத் தூக்கி ஊளையிட்டுக் காட்டினான். நாய்கள் வட்டமாக உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டன. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "பல்லு வலியா தம்பி? கிராம்பு தரட்டுமா?" என்றார்.

பேய் வந்தது

வேறு வழியில்லாமல் அடி அண்ணாமலை பக்கம், கிரிவலப் பாதையிலேயே எடுப்பது என்று முடிவு செய்தோம். சாயங்கால வெளிச்சத்தில் எடுத்து, எடிட்டிங்கில் இருட்டாக்கிக்கொள்ளலாம் என்பது பிரபுவின் யோசனை. செந்தமிழுக்கு வெள்ளைப் புடவை கட்டி, முடியை விரித்து, முகம் கழுத்து கையெல்லாம் பவுடரை அப்பி, கண் மையைக் கன்னம் வரை இழுத்துவிட்டோம். நானே ஒரு அடி தள்ளி நின்றேன். ஷூட்டிங் என்று தெரிந்தால் கூட்டம் கூடிவிடும் என்று நாங்கள் கேமராவோடு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, பேய் தனியாக நடந்தது.

நாங்கள் மறந்துபோன சமாச்சாரம் ஒன்று உண்டு. கிரிவலப் பாதையில் சித்தர்கள் எந்த ரூபத்திலும் வருவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வருகிறவர் கோலம் எவ்வளவுக்கெவ்வளவு கோணலோ அவ்வளவுக்கவ்வளவு சக்தி ஜாஸ்தி. முதலில் ஒருவர் கும்பிட்டார். அடுத்தவர் வாழைப்பழம் கொடுத்தார். ஒரு குடும்பமே காலில் விழுந்து, செந்தமிழின் கையிலிருந்த பவுடரைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டது. பேய் முழித்தது. இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த சாமியார் ஒருவர் எழுந்து வந்து, கண்டிப்பும் இல்லாமல் கனிவும் இல்லாமல் சொன்னார்: "புதுசா? இது என் இடம். நீ அந்தாண்ட போய் நில்லு."

கேள்வி

பேய் அந்தாண்ட போய் நின்றது. பிரபு கேமராவை நிறுத்தவில்லை. அப்போதுதான் ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை, வெறுங்கால். செந்தமிழின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சாமி, எம்புள்ள கோச்சுக்கினு வீட்ட விட்டுப் போயிட்டான். திரும்பி வருவானா, ஒரு வார்த்தை சொல்லு" என்றார். கையை விடவில்லை. நான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. செந்தமிழ் எங்கள் பக்கம் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், கடைசியில் "வருவான்" என்றாள். அந்த அம்மா அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அழுதபடியே நடந்து போய்விட்டார்.

செந்தமிழ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை. எங்களைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நான் பேய்தாங்கன்னு அந்த அம்மாகிட்ட சொல்லியிருக்கணும்ல?"

திரையிட்ட நாள்

மறுபடி எடுக்க நாளில்லை. செந்தமிழும் புடவையைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். இருந்ததை ஒட்டிக் கொண்டுபோனோம். வாழைப்பழம் வந்ததும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. செல்போன் கடையின் நாற்காலி என் கண்முன்னால் வந்து நின்றது. அடுத்தது கடைசி ஷாட். அந்த அம்மாவின் முகத்தையும் குரலையும் வெட்டிவிட்டு, பேயின் முகத்தை மட்டும் வைத்திருந்தோம். சத்தமில்லாமல், ஒரு பேய் எதையோ பார்த்து வெலவெலத்துப்போய் நிற்கிறது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். சார் எழுந்துபோய் விளக்கைப் போட்டார். "பேயைப் பாத்து நான் பயந்ததில்ல. பேயே பயந்துடுச்சுன்னா நான் என்னம்மா பண்றது? போங்க, பாஸ்" என்றார்.

வராந்தாவில் பிரபு துள்ளிக் குதித்தான். நான் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். செந்தமிழ் மட்டும் தூணில் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "பாஸாயிட்டோம், சரி. அந்த அம்மா புள்ள வந்துட்டானா?"

நாங்கள் புரட்டிய திகில் இலக்கணத்தில் பேய் எப்படி நடக்க வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்றெல்லாம் விலாவாரியாகப் போட்டிருந்தார்களே தவிர, பேயிடம் யாராவது நம்பிக்கையோடு ஒன்று கேட்டுவிட்டால் அதற்கப்புறம் பேய் எப்படித் தூங்குவது என்று ஒரு வரிகூட இல்லை.